போருக்கான பில் யார் பேருக்கு வருது?

(தகவல் தொழில்நுட்ப அணியின் இணையவழிப் பயிலரங்கில் நம் அணித் தோழர் ஒருவர் ஆற்றிய உரை. அன்று கலந்துகொள்ள முடியாத தோழர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் பதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படிங்க.)

மாவட்ட அமைப்பாளர் அண்ணனுக்கும், வேலை முடிச்சுட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு இதைக் கேட்க உட்கார்ந்திருக்கிற அண்ணன், அக்கா, தம்பி, தங்கச்சிங்க எல்லாருக்கும் நன்றி. எனக்குக் கொடுத்த தலைப்பு 'போரும் பொருளாதாரமும்'. நான் படிச்சது மெக்கானிக்கல். அதனால பெரிய பெரிய பொருளாதார வார்த்தை எதுவும் வராது. கணக்கு மட்டும் வரும்.

எல்லையில கொஞ்சம் பதற்றம்னாலே நம்ம டைம்லைன் எப்படி மாறுதுன்னு பாத்திருப்பீங்க. ஏவுகணை வீடியோ, போர் விமானப் படம், 'மொத்தமா முடிச்சு விடுங்க'ன்னு ஹேஷ்டேக். அந்த ஏவுகணை எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு வேகம்னு ஸ்கூல் பையனுக்குக்கூட தெரியுது. அதுக்குக் காசு எங்கிருந்து வருதுன்னு கேட்டா மட்டும் 'இந்த நேரத்துல பேசுற பேச்சா இது?'ன்னு பாயுறாங்க. இன்னைக்கு அந்தக் காசைப் பத்தித்தான் பேசப் போறேன். உயிர் போறது சின்ன விஷயம்னு இதுக்கு அர்த்தம் இல்ல. உயிரைப் பத்திப் பேச ஆள் இருக்காங்க, காசைப் பத்திப் பேச ஆள் குறைவா இருக்காங்க, அவ்வளவுதான்.

நம்மள்ல பாதிப் பேர் கல்விக்கடன் வாங்கிப் படிச்சவங்க. எனக்கு இன்னும் தவணை ஓடிக்கிட்டு இருக்கு. மாசம் அஞ்சாம் தேதி மெசேஜ் வந்தா எரிச்சல் வருது. ஆனா அந்தக் கடன் பத்திரத்துல கையெழுத்துப் போட்டது நான். படிச்சதும் நான். போர்க்கடன் அப்படி இல்ல. கையெழுத்துப் போடுறவங்க ஒரு தலைமுறை. தவணை கட்டுறவங்க அப்போ பிறந்தே இருக்க மாட்டாங்க.

சும்மா சொல்லல. முதல் உலகப்போர் 1918-ல் முடிஞ்சது. அந்தப் போருக்காக பிரிட்டன் தன் மக்கள்கிட்ட 1917-ல் விற்ற கடன் பத்திரத்துக்கு 5 சதவீத வட்டி. நாட்டுப்பற்று இருந்தா வாங்குன்னு விளம்பரம் பண்ணி வித்தாங்க. வட்டி தாங்க முடியாம 1932-ல் அதை மூன்றரை சதவீதமாகக் குறைச்சாங்க. அசலை முழுசா அடைச்சது எப்போ தெரியுமா? 2015 மார்ச் 9. கிட்டத்தட்ட 98 வருஷம். கடைசியா கட்டின தொகை மட்டும் சுமார் 190 கோடி பவுண்டு. இது ஜெயிச்ச நாட்டோட கதை. தோத்த ஜெர்மனி, இழப்பீடு கட்டுறதுக்காக 1920-களிலும் 1930-லும் வாங்கின கடன்களோட பாக்கி வட்டியில கடைசித் தவணையைக் கட்டினது 2010 அக்டோபர் 3. அன்னைக்கு ஸ்மார்ட்போன் வெச்சிருந்த ஜெர்மன்காரப் பையன் கட்டின வரியில ஒரு துளி, அவனோட கொள்ளுத்தாத்தா காலத்துச் சண்டைக்குப் போயிருக்கு.

'அது ஐரோப்பாக்காரன் பிரச்சினை, நமக்கென்ன?'ன்னு தோணும். நமக்கும் பில் வந்துச்சு, தோழர்களே. மெட்ராஸ் மேல எம்டன் கப்பல் குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22. 'அவன் பெரிய எம்டன்டா'ன்னு இன்னைக்கும் பேசுறோம், அந்தப் பேரு மட்டும் நமக்குத் தங்கிடுச்சு. அதே போருக்கு 1917-ல் இந்தியா பிரிட்டனுக்கு 10 கோடி பவுண்டு 'அன்பளிப்பு' கொடுத்துச்சு. அன்றைய மதிப்பில் 150 கோடி ரூபாய். அப்போதைய இந்திய அரசின் ஓராண்டு வருமானத்துக்கு ஏறக்குறைய சமமான தொகை. யாரு கொடுத்தா? நம்மை ஆண்ட வெள்ளைக்கார அரசாங்கம், நம்ம பேர்ல, அவங்க நாட்டுக்கே கொடுத்துக்கிச்சு. கஜானாவுல அவ்வளவு காசு கிடையாது. அதனால இங்கேயே போர்க்கடன் பத்திரம் வித்தாங்க. மீதிக்கு பிரிட்டனோட போர்க்கடன் வட்டியை இந்தியா தலையில ஏத்திக்கிட்டாங்க. வட்டி கட்ட வருமானம் வேணுமே? இறக்குமதித் துணிக்கான வரியை மூன்றரையிலிருந்து ஏழரை சதவீதம் ஆக்கினாங்க. லங்காஷயர் மில் முதலாளிங்க 'எங்க வியாபாரம் போச்சு'ன்னு கத்தினாங்க, அது லண்டன்ல கேட்டுச்சு. கூடுதல் விலைக்கு வேட்டி வாங்கின நம்ம ஊரு ஆளு சத்தம் யாருக்கும் கேட்கல. 13 லட்சம் பேரை இங்கிருந்து போருக்கு அனுப்பி, 74,000 பேரைப் பலி கொடுத்த நாடு, அதுக்கு மேல 'அன்பளிப்பு'ம் வெச்சுது.

இரண்டாம் உலகப்போர்ல முறை மாறுச்சு. இதுதான் இன்னும் மோசம். பிரிட்டன் இந்தியாவில தானியம், சணல், சிப்பாய்க்குத் துணி எல்லாம் கொள்முதல் பண்ணும். காசு? லண்டன்ல ரிசர்வ் வங்கி கணக்குல பவுண்டா எழுதி வெப்பாங்க. எடுக்க முடியாது, எழுத்து மட்டும். அந்த எழுத்தைக் காட்டி இங்க ரூபாய் நோட்டு அடிப்பாங்க. 1939-ல் நாட்டுல புழங்கின நோட்டு சுமார் 180 கோடி ரூபாய். போர் முடியும்போது சுமார் 1,200 கோடி. ஆறு மடங்குக்கு மேல நோட்டு, ஆனா அரிசியும் துணியும் ஆறு மடங்கா விளையல. ஒரு பகுதி ராணுவத்துக்குப் போயிட்டு இருக்கு, பர்மா விழுந்ததால அங்கிருந்து வர்ற அரிசியும் நின்னு போச்சு. அப்போ விலை என்ன ஆகும்?

1943 வங்கப் பஞ்சத்துல சுமார் 30 லட்சம் பேர் செத்தாங்க. அந்தப் பஞ்சத்தைப் பத்து வயசுப் பையனா நேர்ல பார்த்தவர் அமர்த்தியா சென். பின்னாடி பொருளாதார அறிஞரா ஆகி, 1981-ல் எழுதின புத்தகத்துல அவர் காட்டினது இதைத்தான். போர்ச் செலவால கையில காசு புரண்டவன் அரிசியை வாங்கிட்டுப் போயிட்டான். கூலிக்காரனுக்குக் கூலி அந்த வேகத்துல ஏறல. மீன்பிடிக்கிறவன், முடி வெட்டுறவன், நிலமில்லாத விவசாயக் கூலி, இவங்கதான் முதல்ல விழுந்தாங்க. அந்தச் செலவுக்கு யாரும் வரின்னு பேர் வைக்கல. நோட்டு அடிச்சாங்க, அதோட விலையைச் சோத்துத் தட்டுல எடுத்துக்கிட்டாங்க. போர் முடியும்போது பிரிட்டன் இந்தியாவுக்குத் தர வேண்டிய பாக்கி சுமார் 130 கோடி பவுண்டு. 'பாருங்க, நாம கடன் கொடுத்தவங்க ஆயிட்டோம்'னு பெருமையா எழுதுறவங்க உண்டு. அந்தப் பாக்கி யாரோட வயித்துல இருந்து வந்ததுன்னு அவங்க எழுதுறதில்ல. அதையும் நினைச்சப்போ எடுக்க விடல. கொஞ்சம் கொஞ்சமாத்தான் விட்டாங்க. வெள்ளைக்கார அதிகாரிகளோட பென்ஷன் பொறுப்பையும் அதுலயே கழிச்சுக்கிட்டாங்க.

சரி, இப்போ நம்ம காலத்துக்கு வரேன். இதுக்காகத்தான் முக்கியமா இந்தத் தலைப்பை எடுத்தேன். இலங்கை.

2009 மே மாசத்தைப் பத்தி இந்தக் கூட்டத்துல யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்ல. கடைசிக் கட்டத்துல மட்டும் 40,000 பொதுமக்கள் வரைக்கும் கொல்லப்பட்டிருக்கலாம்னு ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் சொன்னது. அந்தக் கணக்குக்கு இன்னும் பதில் வரல. அதைத் தள்ளி வெச்சுட்டு நான் பேசல. ஆனா அந்தப் போருக்கு ஒரு பில் புத்தகமும் இருந்தது. அதை நம்ம ஆளுங்க அதிகம் திறந்து பார்த்ததில்ல.

1983-ல் இருந்து 26 வருஷம் நடந்த போர். இலங்கை முதல்முறையா சர்வதேசச் சந்தையில டாலர் கடன் பத்திரம் வித்தது 2007 அக்டோபர்ல. 50 கோடி டாலர், 5 வருஷத் தவணை, வட்டி 8.25 சதவீதம். போர் உச்சத்துல இருந்த நேரம். சாலை, மின்சாரம்னு காரணம் சொன்னாங்க. ஆனா அரசாங்க பட்ஜெட்ங்கிறது ஒரே தொட்டி. சாலைக்குன்னு ஒரு பக்கம் கடன் தண்ணி ஊத்தினா, அந்தப் பக்கம் மிச்சமாகிற தண்ணி துப்பாக்கிக்குப் போகும். வீட்டுல பாருங்க, மளிகைக்குக் கைமாத்து வாங்கிட்டு, மளிகைக் காசுல புது போன் வாங்கினா, அது போனுக்கு வாங்கின கடன்தானே?

போர் 2009 மே மாசம் முடிஞ்சது. ரெண்டே மாசத்துல, ஜூலையில, சர்வதேச நாணய நிதியத்துக்கிட்ட 260 கோடி டாலருக்குக் கை நீட்டி நின்னாங்க. 'வெற்றி விழா' பேனரே இறங்கியிருக்காது. அதுக்கப்புறம் பத்திரத்துக்கு மேல பத்திரம். பழையது முதிர்ந்தா புதுசு வித்து அடைக்கிறது. 2022 வாக்கில இப்படி நிலுவையில இருந்த சர்வதேசப் பத்திரங்கள் மட்டும் 1,200 கோடி டாலருக்கு மேல.

போர் முடிஞ்சா ராணுவச் செலவு குறையணும் இல்லையா? அங்க குறைக்கல. சுமார் 2.2 கோடி மக்கள் இருக்கிற நாட்டுல, போர் முடிஞ்சு 14 வருஷம் கழிச்சு, 2023 ஜனவரியிலதான் தரைப்படையோட அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையை 2 லட்சத்துல இருந்து 2024-க்குள்ள 1,35,000 ஆக்குவோம், 2030-ல் 1 லட்சம் ஆக்குவோம்னு அறிவிச்சாங்க. அதுவரைக்கும் சம்பளம், சாப்பாடு, எரிபொருள், அதுக்குப் பின்னாடி பென்ஷன். வெடிச்ச குண்டோட செலவு அன்னைக்கே முடிஞ்சிடும். ஆளுக்கான செலவு அவங்க காலம் முழுக்க வரும். சில நேரம் அதுக்கு அப்புறமும் வரும். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிஞ்சது 1865-ல். அந்தப் போர்ல சண்டை போட்ட ஒரு சிப்பாய்க்கு 1930-ல், அவரோட 83-வது வயசுல ஒரு மகள் பிறந்தாங்க. அவங்க 2020-ல் இறக்கிற வரைக்கும் மாசம் 73 டாலர் 13 சென்ட் அரசாங்கம் பென்ஷன் கொடுத்துச்சு. 155 வருஷம்! அந்த அம்மாவுக்குக் கொடுத்தது தப்புன்னு சொல்லல, கொடுக்கத்தான் வேணும். போருக்குப் போறதுக்கு முன்னாடி அந்தக் கணக்கை யாரும் எழுதிப் பார்க்கலங்கிறதுதான் என் பேச்சு.

இலங்கைக்கு வரேன். 2022 ஏப்ரல் 12, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதுன்னு அறிவிச்சாங்க. மொத்த வெளிக்கடன் சுமார் 5,100 கோடி டாலர். இதுக்குப் போர் மட்டும் காரணம் இல்ல, நேர்மையா சொல்லணும். 2019 கடைசியில வரியைத் தாறுமாறாக் குறைச்சாங்க. மதிப்புக்கூட்டு வரி 15-ல் இருந்து 8 சதவீதம் ஆச்சு. கொரோனா வந்து சுற்றுலா படுத்துச்சு. 2021-ல் ஒரே ராத்திரியில ரசாயன உரத்துக்குத் தடை போட்டு விவசாயத்தைக் கெடுத்தாங்க. கையில் வருமானம் இல்லாமலேயே பெரிய பெரிய கட்டுமானத்துக்குக் கடன் வாங்கினாங்க. இதையெல்லாம் மறைச்சு 'எல்லாம் போராலதான்'னு நாம போஸ்ட் போட்டா, எதிர்த்தரப்புக்காரன் ஒரே நிமிஷத்துல உடைச்சிடுவான். ஆனா காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியே உடம்பு எலும்பும் தோலுமா இருந்துச்சு. 26 வருஷம் பள்ளிக்கூடத்துக்கும் தொழிற்சாலைக்கும் போக வேண்டிய காசு வேற இடத்துக்குப் போன நாடு அது.

2022 மார்ச்ல மேல் மாகாணத்துல 9, 10, 11-ம் வகுப்புத் தவணைப் பரீட்சையைத் தள்ளி வெச்சாங்க. காரணம், வினாத்தாள் அடிக்கப் பேப்பர் இல்ல. இறக்குமதி பண்ண டாலர் இல்ல. அந்தப் பிள்ளைங்க போர் முடிஞ்சப்போ சின்னக் குழந்தைங்க. 2007 பத்திரத்துல கையெழுத்துப் போட்டப்போ அதுல சில பிள்ளைங்க பிறக்கவே இல்ல. அதே மார்ச் 22-ம் தேதி, யாழ்ப்பாணம், மன்னார் பக்கமிருந்து 16 பேர் படகுல நம்ம ராமேஸ்வரம் பக்கம் வந்து இறங்கினாங்க. குண்டுக்குப் பயந்து வரல, விலைவாசிக்குப் பயந்து வந்தாங்க. செப்டம்பர்ல கொழும்புப் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டுச்சு. போர்க்காலத்துல பாதுகாப்புச் செயலாளரா இருந்து, அந்தப் பேரை வெச்சே 2019-ல் அதிபரான கோத்தபய ராஜபக்ச, ஜூலையில நாட்டை விட்டு ஓடினார். துரத்தினது யாரு? அவருக்கு ஓட்டுப் போட்ட அதே மக்கள், கேஸ் சிலிண்டருக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில நின்ன மக்கள்.

2023 மார்ச்ல மறுபடி நாணய நிதியம், சுமார் 300 கோடி டாலர். அதுக்கான நிபந்தனையோட வரி ஏறுச்சு. 2024 ஜனவரியில் மதிப்புக்கூட்டு வரி 18 சதவீதம் ஆச்சு. அங்க அதை 'வற்' வரின்னு சொல்வாங்க. இந்த இடத்துலதான் கொஞ்சம் நின்னு யோசிங்க. அந்த வரிக்குச் சிங்களர், தமிழர், முஸ்லிம்னு வித்தியாசம் கிடையாது. முல்லைத்தீவுல போர்ல கணவனை இழந்த ஒரு அக்கா, பிள்ளைக்கு நோட்டு, செருப்புன்னு வாங்கப் போனாலும் கட்டித்தான் ஆகணும். யார் தலையில குண்டு விழுந்துச்சோ, அவங்களே அந்தக் குண்டுக்கான பாக்கியையும் கட்டுறாங்க. நான் படிச்சதுல என்னைத் தூங்க விடாம பண்ணினது இந்தக் கணக்குதான்.

இன்னொரு கடனும் அங்க இருக்கு. போருக்கு அப்புறம் வடக்கு, கிழக்குல நுண்கடன் கம்பெனிகள் வீடு வீடா வந்துச்சு. வீடு போச்சு, தொழில் போச்சு, சம்பாதிக்கிற ஆம்பளை இல்ல. குடும்பத்தைத் தாங்கின பெண்கள் கோழி வளர்க்க, தையல் மெஷின் வாங்கன்னு கடன் எடுத்தாங்க. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், வாராவாரம் வீட்டு வாசல்ல வசூல்காரன். 2018-ல் அரசாங்கமே இறங்கி, வறட்சி பாதிச்ச மாவட்டங்கள்ல பெண்கள் வாங்கின 1 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடனைத் தள்ளுபடி பண்ண வேண்டி வந்துச்சு. கொழும்புல நிதியமைச்சர் செஞ்சதும், கிளிநொச்சியில அந்த அக்கா செஞ்சதும் ஒரே வேலைதான். பழைய கடனுக்குப் புதுக் கடன். அமைச்சருக்குப் பேசித் தீர்க்க நாணய நிதியம் இருந்துச்சு. அந்த அக்காவுக்கு யாரு இருந்தா?

இப்போ ஒருத்தர் சாட்ல கேட்டிருக்கார்: 'அப்போ நாட்டைக் காப்பாத்தச் செலவே பண்ணக் கூடாதா தோழர்?' நல்ல கேள்வி. பண்ணணும். எப்படிப் பண்றோம்னு மக்களுக்குச் சொல்லிட்டுப் பண்ணணும். 1962 சீனப் போருக்கு அப்புறம் 1963 பட்ஜெட்ல பாதுகாப்புக்கு 867 கோடின்னு ஒதுக்கினப்போ, மொரார்ஜி தேசாய் புது வரியும் கட்டாயச் சேமிப்பும் போட்டார். மக்கள் திட்டினாங்க. திட்டட்டும், செலவு இருக்குன்னு தெரிஞ்சுதான் திட்டினாங்க. 1971-ல் கிழக்குப் பாகிஸ்தான்ல இருந்து ஒரு கோடி அகதிகள் வந்தப்போ, நவம்பர்ல இருந்து தபாலுக்குக் கூடுதலா 5 பைசா 'அகதிகள் நிவாரண' தபால்தலை ஒட்டச் சொன்னாங்க. வீட்டுல பழைய கடிதாசி கட்டு இருந்தா எடுத்துப் பாருங்க, மெயின் தபால்தலைக்குப் பக்கத்துல சின்னதா இன்னொன்னு இருக்கும். கடிதம் எழுதுற ஒவ்வொருத்தருக்கும், பக்கத்து நாட்டுல நடக்கிற சண்டைக்குத் தானும் காசு கொடுக்கிறோம்னு நாக்குல பசை படும்போது தெரிஞ்சுது. எனக்கு இந்த முறை பிடிச்சிருக்கு. காசு இன்னைக்குக் கேட்டா, 'இது தேவையா, வேற வழி இல்லையா'ன்னு ஜனங்க இன்னைக்கே கேட்பாங்க. அதுக்குப் பயந்துதான் கடன் வாங்குறாங்க. 2001-லும் 2003-லும் அமெரிக்கா ஆப்கானிஸ்தான், ஈராக்னு போருக்குப் போன அதே வருஷங்கள்ல வரியைக் குறைச்சுது தெரியுமா? ஈராக் போர் 5,000 கோடி டாலருக்குள்ள முடிஞ்சிடும்னு பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்பெல்ட் சொன்னார். 10,000 கோடியிலிருந்து 20,000 கோடி ஆகலாம்னு சொன்ன பொருளாதார ஆலோசகர் அந்த வருஷக் கடைசியிலேயே பதவியில இல்ல. செப்டம்பர் 11-க்குப் பிந்தைய போர்களுக்கு மொத்தமா 8 லட்சம் கோடி டாலர்னு பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் கணக்குப் போட்டாங்க. அதுல 2 லட்சம் கோடிக்கு மேல இனிமே பார்க்க வேண்டிய, 2050 வரைக்குமான முன்னாள் வீரர்களோட மருத்துவமும் உதவித்தொகையும்.

நேரம் ஆச்சு, அமைப்பாளர் அண்ணன் கை காட்டுறார். ஒரே ஒரு வேலை மட்டும் கொடுத்துட்டு முடிச்சுக்கிறேன். மத்திய பட்ஜெட் ஆவணம் இணையத்துல இலவசமா இருக்கு. 2025-26-க்கானதை எடுங்க. மொத்தச் செலவு சுமார் 50.65 லட்சம் கோடி. அதுல வட்டிக்கு மட்டும் சுமார் 12.76 லட்சம் கோடி, நாலுல ஒரு பங்கு. அத்தனையும் போர்க்கடன் வட்டின்னு எழுதிடாதீங்க, அது பொய். எல்லாக் கடனுக்குமான வட்டி அது. பாதுகாப்புக்குச் சுமார் 6.81 லட்சம் கோடி, அதுல சுமார் 1.61 லட்சம் கோடி பென்ஷன். அதே பக்கத்துல கல்விக்கு எவ்வளவு, சுகாதாரத்துக்கு எவ்வளவுன்னு இருக்கும், அதை நான் சொல்லல, நீங்களே தேடி எழுதி வைங்க. அடுத்த தடவை டைம்லைன்ல யாராவது 'போர் வேணும்'னு போட்டா சண்டைக்குப் போகாதீங்க. 'எத்தனை நாள், எவ்வளவு செலவு, வரியா கடனா, கடன்னா எந்த வருஷம் வரைக்கும்?' இந்த நாலு கேள்வியை மரியாதையா கமெண்ட்ல போடுங்க. வர்ற பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்ம குரூப்புக்கு அனுப்புங்க, அடுத்த வாரம் அதை வெச்சே பேசலாம்.